செவ்வாயில் வாய்க்கால் இல்லை; ஆறு இருந்தது



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"செவ்வாய் கிரகத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது" என்று பாடத்தில் வரும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும். "அதை யார் சார் பார்த்தது?" பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. ஏனென்றால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கு மனிதர்கள் பதில் தேடிய கதை சுமார் 150 வருஷக் கதை. அதில் பாதி, பெரிய மனிதர்கள் ஏமாந்த கதை.

நம் பக்கத்து மக்களுக்குச் செவ்வாய் புதியவர் அல்ல. வைத்தீஸ்வரன்கோயிலில் அவருக்குச் சந்நிதி வைத்துக் கும்பிடுகிறோம். ஜாதகத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்த்துக் கல்யாணத்தையே நிறுத்துகிறோம். அந்த விவகாரத்துக்குள் நான் போகவில்லை. நான் சொல்லப்போவது வானத்தில் சிவப்பாகத் தெரியும் அந்தக் கிரகத்தின் மண்ணையும் கல்லையும் பற்றி.

ஆறு வேறு, வாய்க்கால் வேறு

காவிரி டெல்டாவில் பிறந்த எவருக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர வேண்டாம். அரசலாறு ஆறு. உய்யக்கொண்டான் வாய்க்கால். ஆறு தானாக வந்தது, தன் இஷ்டத்துக்கு வளைந்து போகும். வாய்க்கால் மனிதன் வெட்டியது. அதற்குத் தலைப்பு உண்டு, மதகு உண்டு, வெட்டச் சொன்னவர் பெயர்கூடச் சில சமயம் உண்டு. ஓர் இடத்தில் வாய்க்கால் இருக்கிறது என்று சொன்னால், அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் உலகம் ஏறக்குறைய 90 வருஷம் தடுமாறியது.

1877-ஆம் ஆண்டு செவ்வாய் பூமிக்கு மிக அருகே வந்தது. இத்தாலியின் மிலான் நகரத்து வானாய்வகத்தில் இருந்த ஜியோவானி ஸ்கியாபரெல்லி, 22 செ.மீ. தொலைநோக்கி வழியாக அதைப் பார்த்துப் படம் வரைந்தார். அதில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'கனாலி'. இத்தாலிய மொழியில் அந்தச் சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது 'கெனால்' ஆகிவிட்டது. அதாவது வெட்டிய கால்வாய். வெட்டினது யார்? செவ்வாய் வாசிகள்!

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நம் பக்கம் ஆர்தர் காட்டன் 1830-களிலேயே முக்கொம்பில் மேலணை கட்டிவிட்டார். கால்வாய் வெட்டுவதுதான் மனித சாமர்த்தியத்தின் உச்சம் என்று உலகமே நம்பிய காலம். அதே 1877-இல் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. தண்ணீர் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் சாவு என்பது எல்லார் மனத்திலும் இருந்தது. தங்கள் மனத்தில் இருந்ததை அவர்கள் வானத்தில் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் பெர்சிவல் லோவல் என்ற செல்வந்தர் இதில் முழுமூச்சாக இறங்கினார். 1894-இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் சொந்தச் செலவில் வானாய்வகம் கட்டினார். நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார். செவ்வாய் வறண்டுகொண்டிருக்கிறது, அங்குள்ள அறிவுள்ள மக்கள் துருவத்தில் உருகும் பனிநீரைக் கால்வாய் வெட்டி நடுப்பகுதிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதினார். புத்தகங்கள் நன்றாக விற்றன. மக்களும் நம்பினார்கள்.

இதை மறுத்தவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரட் ரசல் வாலஸ். டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் அதே வாலஸ்தான். 1907-இல், 84 வயதில், ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று நம் கடைமடை விவசாயி கேட்கும் கேள்வி. அவ்வளவு தூரம், பாலைவனத்தின் நடுவே, திறந்த கால்வாயில் தண்ணீர் விட்டால் அது போய்ச் சேருமா? வழியிலேயே ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் போய்விடாதா? கல்லணையில் திறந்த தண்ணீர் வேதாரண்யம் பக்கம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்தவர்களுக்கு வாலஸின் கேள்வி உடனே புரியும்.

எனக்குப் பிடித்த மறுப்பு இன்னொன்று. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. 1903-இல் இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வாளர் மாண்டர், அங்கிருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் எவன்ஸோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். செவ்வாய் போன்ற ஒரு படத்தை வகுப்பில் மாட்டினார்கள். அதில் கால்வாய்க் கோடு கிடையாது. திட்டுகளும் சிறு புள்ளிகளும் மட்டும் இருந்தன. வெவ்வேறு தூரத்தில் உட்கார்ந்திருந்த பையன்களிடம் "தெரிவதை அப்படியே வரையுங்கள்" என்றார்கள். கிட்டே இருந்தவர்கள் புள்ளிகளை வரைந்தார்கள். சற்றுத் தள்ளி இருந்தவர்களில் பலர் நேர்க்கோடுகளை வரைந்தார்கள்! கண் சரியாகப் பிரித்தறிய முடியாத தூரத்தில் மூளை புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கிவிடுகிறது. பையன்கள் பொய் சொல்லவில்லை. லோவலும் பொய் சொல்லவில்லை.

1909-இல் பாரிஸ் அருகே மெடோன் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் ஆந்தோனியாடி பார்த்தபோது கோடுகள் கலைந்து திட்டுகளாகத் தெரிந்தன. பிறகு 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்துபோகும்போது 22 படங்கள் அனுப்பியது. கால்வாயும் இல்லை, ஊரும் இல்லை. சந்திரனைப் போலக் குழிகள்தான். காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய காற்றில் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் நிற்காது. உறையும், இல்லாவிட்டால் ஆவியாகும். செவ்வாய் செத்த கிரகம் என்று கதையை முடித்துவிட்டார்கள்.

முடியவில்லை. 1971 நவம்பரில் மாரினர் 9 அங்கே போய்ச் சுற்ற ஆரம்பித்தது. போன நேரத்தில் கிரகம் முழுவதும் புழுதிப் புயல். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், வளைந்து நெளிந்த பள்ளத்தாக்குகள், கிளைகள் வந்து சேரும் தடங்கள், வெள்ளம் அறுத்துப் போனது போன்ற அகன்ற பாதைகள் தெரிந்தன. லோவல் வரைந்த இடங்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றில் ஒன்றுக்கு இன்று 'மங்கள' என்று நம் நாட்டுப் பெயர். செவ்வாய்க்கு வடமொழியில் உள்ள பெயர் அது.

வாய்க்கால் என்றவர்கள் தோற்றார்கள். ஆனால் ஆறு இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் பிறந்தது.

ஆறு செய்யும் நான்கு வேலை

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். மேலேயிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. எரிமலைக் குழம்பும் பள்ளம் அறுக்கும். காற்றும் அறுக்கும். பனிப்பாறையும் அறுக்கும். ஒருமுறை கோட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை ஜாக்கிரதையாக இருந்தார்கள். தண்ணீர்தான் என்று நிரூபிக்க, தண்ணீர் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்ன என்று கேட்டார்கள்.

வகுப்பில் நான் இதை நான்கு வினைச்சொல்லாகச் சொல்வேன். ஆறு கல்லை உருட்டும். மண்ணைப் பிரிக்கும். அடுக்கும். மாற்றும். காவிரியையே எடுத்துக்கொள்வோம்.

ஒகேனக்கல்லில் பாறை. கீழே வர வரக் கூழாங்கல். திருச்சிப் பக்கம் அகண்ட காவிரியில் பருமணல். கும்பகோணம் தாண்டினால் மென்மணலும் வண்டலும். கடலை நெருங்கினால் பிசுபிசுவென்று களி. தண்ணீர் வேகம் குறையக் குறைய, கனமானதை முதலில் போட்டுவிட்டு லேசானதைத் தூக்கிக்கொண்டு போகிறது. எந்த ஜல்லடையும் இவ்வளவு சுத்தமாகப் பிரிக்காது.

எங்கள் தாராசுரத்தில் வயலைத் தோண்டினால் கல் கிடைக்காது. அப்படி ஒரு கல் கிடைத்தால் அதை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலில் இவ்வளவு கல் இருக்கிறதே என்றால், அத்தனையும் வெளியூர்க் கல். ஆறு இந்த ஊருக்கு மண்ணைத்தான் கொடுத்தது. கல்லை மனிதன்தான் கொண்டுவந்தான்.

ஆள் இல்லாத காலத்தைக் கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போய் வாருங்கள். இன்று அங்கே கடல் இல்லை. ஆனால் காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் அம்மோனைட் என்ற கடல் பிராணியின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. 1860-களிலேயே பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பகுதியை ஆராய்ந்து, அங்கே கடல் இருந்ததை எழுதிவைத்தார். 1940-இல் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடந்த மரத்தை உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ்.கிருஷ்ணன். நம் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர். பிற்பாடு 1951-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

அந்தக் கடலை எந்த மனிதனும் பார்க்கவில்லை. மனிதனே அப்போது கிடையாது. ஆனாலும் அங்கே கடல் இருந்ததைப் பற்றி இன்று யாரும் சண்டை போடுவதில்லை. அந்தக் கடலின் சுண்ணாம்பைத்தான் வெட்டியெடுத்துச் சிமெண்டாக்கி நாம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதே முறையைத்தான் செவ்வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

செவ்வாயில் கிடைத்த நான்கு சாட்சி

முதலில் உருட்டுவதும் பிரிப்பதும். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி என்ற ஊர்தி, கேல் என்ற பெரிய கிண்ணக்குழிக்குள் இறங்கியது. இறங்கிச் சில வாரத்திலேயே ஓர் இடத்தில் கான்கிரீட் உடைந்து கிடப்பது போன்ற பாறை தெரிந்தது. மணலும் சிறு கற்களும் சேர்ந்து இறுகிய பாறை. அதிலிருந்த கற்கள் கோலிக்குண்டு போல, எலுமிச்சம்பழம் போல, முனை மழுங்கி உருண்டையாக இருந்தன. காற்று மணலைத் தூக்கும். எலுமிச்சை அளவுக் கல்லை உருட்டிக்கொண்டு போய் மழுக்கக் காற்றால் முடியாது. அது ஓடும் தண்ணீர் செய்த வேலை. கல்லின் அளவை வைத்தே தண்ணீரின் ஆழத்தையும் கணக்குப் போட்டார்கள். கணுக்காலிலிருந்து இடுப்பு வரை. நம் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிற ஆழம்!

அடுத்தது அடுக்குவது. இதற்கு ஒரு வீட்டுச் சோதனை சொல்கிறேன். ஒரு அகலமான தொட்டியில் பாதி தண்ணீர் வையுங்கள். ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து, மணல் கலந்த தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓடிவந்த தண்ணீர் தொட்டித் தண்ணீரைத் தொட்டதும் வேகம் இழந்து மணலைக் கீழே போடும். மணல் விசிறி போல விரியும். பக்கவாட்டில் பார்த்தால் மூன்று விதமான அடுக்கு தெரியும். மேலே படுக்கையாக ஒன்று, நடுவில் சரிவாக ஒன்று, அடியில் மறுபடியும் படுக்கையாக மென்மண். அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1880-களில் வற்றிப்போன ஓர் ஏரியின் கரையில் இதைக் கவனித்து எழுதினார். ஆறு வந்து தேங்கிய நீரில் விழுந்தால்தான் இந்த அமைப்பு வரும்.

செவ்வாயில் ஜெசெரோ என்று ஒரு கிண்ணக்குழி. சுமார் 45 கி.மீ. அகலம். போஸ்னியா நாட்டு ஊர் ஒன்றின் பெயர். அந்தப் பக்கத்து மொழிகளில் அந்தச் சொல்லுக்கே ஏரி என்றுதான் பொருள். அதற்குள் இரண்டு தடங்கள் வந்து நுழைகின்றன. எதிர்ப்பக்கம் ஒரு தடம் வெளியேறுகிறது. நிரம்பிய ஏரி கலுங்கு வழியாக வழிவது போல. நுழையும் இடத்தில் விசிறி போல ஒரு மேடு. மேலேயிருந்து பார்த்தால் நம் டெல்டா படத்தின் சின்ன நகல்.

அங்கேதான் 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கியது. தூரத்தில் தனியாக நின்ற ஒரு சிறு குன்றைப் படம் பிடித்தது. கோடியாக் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் அதே மூன்று அடுக்கு! படுக்கை, சரிவு, படுக்கை. அவ்வருஷமே அக்டோபரில் ஆய்வு முடிவு வெளியானது. சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறு வந்து ஏரியில் விழுந்திருக்கிறது. விசிறியின் மேல் அடுக்கில் பெரிய பெரிய பாறைகளும் கிடந்தன. அமைதியாக ஓடிய ஆறு பிற்காலத்தில் பெருவெள்ளமாகவும் வந்திருக்கிறது என்று அவை சொல்கின்றன. ஆடிப்பெருக்கு மட்டுமல்ல, ஐப்பசி வெள்ளமும் அங்கே உண்டு.

நான்காவது மாற்றுவது. தண்ணீரில் நெடுநாள் ஊறிய பாறை பாறையாகவே இருக்காது, களிமண்ணாக மாறும். 2013-இல் கியூரியாசிட்டி துளையிட்டு எடுத்த பொடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். குடிக்கத்தக்க அளவுக்கு உப்பும் புளிப்பும் குறைந்த நீரில் உருவான களி. அதற்கு முன்பே, 2004-இல், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி வேறோர் இடத்தில் மிளகு அளவு இரும்புத்தாது உருண்டைகளையும் ஜாரோசைட் என்ற மஞ்சள் கனிமத்தையும் கண்டது. ஜாரோசைட் உருவாக அமிலம் கலந்த தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீர் தொடர்ந்து இருந்தால் அது சிதைந்துவிடும். ஆகவே அது கிடக்கும் இடத்தில் தண்ணீர் வந்தது, பிறகு வறண்டது என்று இரண்டு செய்தி கிடைக்கிறது.

அந்த ஜாரோசைட்டைப் பார்க்கச் செவ்வாய்க்குப் போக வேண்டாம். குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் மாதாநோ மத் என்ற ஊர்ப் பக்கம், எரிமலைப் பாறைகளுக்கு நடுவே கிடக்கிறது. அகமதாபாத் இஸ்ரோ மையத்தினரும் கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்களும் அதை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். செவ்வாய்ப் பாறையைப் படிக்கப் பயிற்சிக்களமாக அந்த இடம் இப்போது பயன்படுகிறது.

நம்மவர்கள் பங்கு, உள்ளது உள்ளபடி

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். "செவ்வாயில் தண்ணீரைக் கண்டுபிடித்தது மங்கள்யான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சரியல்ல. சந்திரயான் 1 கண்டுபிடித்தது சந்திரனில், 2009-இல் அறிவித்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மங்கள்யானின் பெருமைக்குப் பொய் தேவையில்லை. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று, முதல் முயற்சியிலேயே, 450 கோடி ரூபாய்ச் செலவில் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை அதில் திட்ட இயக்குநர்களில் ஒருவர்.

தண்ணீர் சம்பந்தமாகவே நம்மவர்கள் செய்தது வேறு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர், அமெரிக்க விண்கலத்தின் ரேடார் தகவலைக் கொண்டு, எரிமலைக் குழம்பு மூடிய ஒரு பெரிய கிண்ணக்குழியை ஆராய்ந்தார்கள். மேலே குழம்புப் பாறை. அடியில் சுமார் 45 மீட்டர் கனத்துக்குப் படிவு. தண்ணீர் கொண்டுவந்து கொட்டிய மண். அந்தக் குழிக்கு 2024-இல் தேவேந்திர லால் என்ற நம் விஞ்ஞானியின் பெயரால் 'லால்' என்று பெயர் கிடைத்தது. அதன் விளிம்பில் உள்ள இரண்டு சிறு குழிகளுக்கு முர்சான், ஹில்சா என்று நம் வடநாட்டு ஊர்ப்பெயர்கள்.

இன்னொரு கோட்டுக் கதையும் உண்டு. 2011-இல், நேபாளத்தில் பிறந்த மாணவர் லுஜேந்திர ஓஜாவும் அரிசோனா பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும், செவ்வாயின் சரிவுகளில் கோடைக்காலத்தில் நீண்டு, குளிரில் மறையும் கருங்கோடுகளைக் கவனித்தார்கள். 2015-இல் "இன்றும் அங்கே உப்புத்தண்ணீர் வழிகிறது" என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. இரண்டே வருஷத்தில், 2017-இல், வேறு ஆய்வாளர்கள் சரிவின் கோணத்தை அளந்து பார்த்தார்கள். உலர்ந்த மணல் சரியும் கோணத்தில்தான் அந்தக் கோடுகள் இருந்தன. மணல் சரிவாகவே இருக்கலாம் என்ற முடிவு இன்று வலுவாக நிற்கிறது. ஸ்கியாபரெல்லி காலத்துக் கோடு கலைய 90 வருஷம் ஆனது. இந்தக் கோட்டுக்கு இரண்டு வருஷம் போதுமாக இருந்தது. விஞ்ஞானம் வளர்ந்தது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?

பூமிக்கு உள்ளே உருகிய இரும்பு சுழல்வதால் நமக்கு ஒரு காந்தப் புலம் இருக்கிறது. சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றை அது பெருமளவு தடுத்துவிடுகிறது. செவ்வாய் சிறிய கிரகம். சீக்கிரம் ஆறிவிட்டது. சுமார் 400 கோடி ஆண்டுக்கு முன் அதன் காந்தப் புலம் அணைந்தது. பிறகு சூரியக் காற்று அதன் வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கொண்டுபோனது. மங்கள்யானுக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே போய்ச் சேர்ந்த அமெரிக்காவின் மேவன் கலம் இந்தக் கசிவை அளந்தது. மங்கள்யானின் கருவி ஒன்றும் மேல் வளிமண்டலத்தில் வேகம் மிகுந்த ஆர்கான் அணுக்களைக் கண்டு சொன்னது. காற்று போனதும் தண்ணீரும் நிற்கவில்லை. கொஞ்சம் விண்வெளிக்குப் போனது. கொஞ்சம் துருவத்திலும் மண்ணுக்கு அடியிலும் பனிக்கட்டியாக உறைந்தது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் மண்ணைச் சுரண்டியபோது வெள்ளையாகத் தெரிந்த கட்டி அந்தப் பனிதான்.

ஆற்றைக் கொல்ல அங்கே யாரும் இல்லை. அது தானாகச் செத்தது. ஆனாலும் தன் பாறையையும் மணலையும் களியையும் வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனது. தொட ஆள் இல்லாததால் 350 கோடி வருஷமாக அது அப்படியே இருக்கிறது.

நம் காலடியில் உள்ள பழைய ஆறுகள்

இனி நம் ஊருக்கு வருவோம்.

காவிரி என்றைக்கும் இன்றைய தடத்திலேயே ஓடவில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.எம்.ராமசாமியும் அவரோடு இருந்தவர்களும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அதன் பழைய தடங்களைத் தேடினார்கள். வடக்கேயும் தெற்கேயும் கைவிடப்பட்ட தடங்கள் பல தெரிந்தன. இன்று மேலே வயலும் வீடும் ரோடும் இருக்கும் இடத்தில், கீழே ஆற்று மணல் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. சில ஊர்ப்பெயர்களில் துறை, திட்டு, படுகை என்று இருப்பதும் ஒரு குறிப்புத்தான். ஆனால் 'கனாலி' கதை படித்த பிறகு, பெயர் மட்டும் சாட்சியாகாது என்பது உங்களுக்கே தெரியும். மண்ணைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது சுலபம். உங்கள் தெருவில் போர் போடும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். வெளியே வரும் மண்ணைக் கவனியுங்கள். களி, மென்மணல், மறுபடி களி, திடீரென்று பருமணல், சில சமயம் சின்னக் கூழாங்கல்லும் வரும். பருமணல் வந்ததும் போர்காரர் முகம் மலரும். "தண்ணி இருக்கு சார்" என்பார். அவர் நிலவியல் படித்தவரில்லை. ஆனால் கியூரியாசிட்டி கேல் குழியில் செய்த வேலையைத்தான் அவரும் செய்கிறார். மணலின் பருமனைப் பார்த்து, இங்கே ஒரு காலத்தில் வேகமான ஆறு ஓடியது என்று படிக்கிறார்.

மணலில் ஏன் தண்ணீர்? ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய உலர்ந்த மணலைக் கொட்டி, மெல்லத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்துவிட்டது என்று நினைத்த பாத்திரத்தில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். பழைய ஆற்றுப் பட்டை முழுவதும் இப்படித்தான். ஆறு தடம் மாறிப் போய்ப் பல ஆயிரம் ஆண்டு ஆனாலும், அது விட்டுப்போன மணலுக்குள் தண்ணீர் நிற்கிறது. மேட்டூர் திறக்காத வருஷத்திலும் நம் கைப்பம்பில் தண்ணீர் வருவதில் அந்தப் பழைய ஆறுகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது கொள்ளிடத்திலும் காவிரியிலும் மணல் அள்ளிய குழிகளைப் பார்த்தவர்கள் யோசிக்க வேண்டும். லாரியில் போவது கட்டுமானப் பொருள் மட்டும் இல்லை. எத்தனையோ வெள்ளம் அடுக்கி வைத்த படிவு அது. அடுத்த கோடைக்கான தண்ணீர் தங்கும் இடமும் அதுதான். எங்கள் பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் புறம்போக்கு தூர்ந்து, மேலே மனை போட்டு விற்றார்கள். "இங்கே எந்தக் காலத்தில் தண்ணீர் போச்சு?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எந்த ஆளும் வேண்டியிருக்கவில்லை. கடைக்கால் தோண்டியபோது முழங்கால் ஆழத்திலேயே சலித்தெடுத்தது போன்ற மணல் வந்தது. மழைக்காலத்தில் தண்ணீரும் தன் பழைய வழியை மறக்காமல் வந்து நின்றது. இப்போது அங்கே குடியிருப்பவர்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் பீரோவைச் செங்கல் மேல் தூக்கி வைக்கிறார்கள்.

"அதை யார் சார் பார்த்தது?" என்று கேட்ட பையன்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். யாரும் பார்க்க வேண்டாம்; ஆறு தான் செய்த வேலையை மண்ணில் எழுதிவைத்துவிட்டுத்தான் போகும். அந்த எழுத்து இருக்கும் வரை எத்தனை கோடி ஆண்டு கழித்தும் ஒருவர் வந்து படிக்கலாம். அள்ளிக்கொண்டு போய்விட்டால் படிக்கவும் ஒன்றும் இருக்காது, குடிக்கவும் ஒன்றும் இருக்காது.

உங்கள் ஊரில் போர் போட்டபோது எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல் வந்தது என்று தெரிந்தால் எழுதுங்கள். ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் வரிசையாகக் குறிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய ஆறுகள் எந்தெந்த ஊருக்குக் கீழே ஓடுகின்றன என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியன்,
தாராசுரம்.